ஆறுக்கு எட்டு

பாயான் லெப்பாஸ், பினாங்கு
5.10.1997

அன்புள்ள அக்கா கேத்லீனுக்கு,

தம்பி டாரியஸ் எழுதுவது. நான் சுகம். காட்டுத்தீப் புகைமூட்டத்தில் எதிர்வீடு கூடத் தெரிவதில்லை, ஆனாலும் மூச்சுக்குக் குறைவில்லை. அம்மாவின் இருமல், மச்சானின் முதுகுவலி, உன் கோபம் மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று எழுது.

போன தடவை வந்தபோது எங்கள் கணக்குக் குழுவைப் பற்றிச் சொன்னேன், நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். மறுபடி சொல்கிறேன். தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு இமெயில் இருக்கிறது அல்லவா, அதில்தான் குழு நடக்கிறது. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் வாரம் ஒரு கணக்கைக் கேள்வியாகப் போடுவார்கள். பரிசு எதுவும் கிடையாது. சரியான விடையை முதலில் எழுதுபவருக்கு அடுத்த கணக்கைப் போடும் உரிமை, அவ்வளவுதான். ஒரு கணக்குக்கு இரண்டு விடை வந்துவிட்டால் அதைச் சொத்தை என்பார்கள். போட்டவரைக் கிழித்துத் தொங்கவிட ஒரு மணி நேரம் கூட ஆகாது. கனடாவில் ஒரு பேராசிரியரே அப்படி மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்றால், புதியவர் கணக்கு என்று ஒன்று தனியாக உண்டு. பழைய ஆட்களுக்கு விடை தெரிந்திருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. இதுவரை குழுவில் விடை எழுதாத ஒருவர் தானாக யோசித்து எழுதும்வரை மாதக்கணக்கில் அது திறந்தே கிடக்கும். எழுதியவருடைய பெயரைக் கணக்குப் போடுபவர்களின் வரிசையில் சேர்ப்பார்கள். நான் போன வருஷம் அப்படித்தான் சேர்ந்தேன். இப்போதைய கணக்கு இது.

ஆறுக்கு ஆறு கட்டமுள்ள ஒரு தரை. இரண்டு கட்டத்தை அடைக்கும் நீள டைல்களால் அதை நிரப்ப வேண்டும். எப்படி அடுக்கினாலும், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை எந்த டைலையும் வெட்டாமல் ஒரு நேர்கோடாவது ஓடிவிடும். ஏன்? அதே தரை ஆறுக்கு எட்டாக இருந்தால் அப்படி ஒரு கோடும் ஓடாமல் அடுக்க முடியுமா? முடியுமென்றால் வரைந்து காட்ட வேண்டும்.

உன் ஊர் மஸ்ஜித் தானாவில் இணையம் இல்லையே என்று யோசிக்காதே. தபாலில் அனுப்பு. உன் பெயரிலேயே நான் தட்டிப் போடுகிறேன்.

அன்புத் தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
16.11.1997

அன்புத் தம்பி டாரியஸுக்கு,

கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லோரும் நலம். மழை வந்து புகையைக் கழுவிவிட்டது, அம்மாவின் இருமலும் குறைந்தது. நான் மட்டும் நலமில்லை. காரணம் நீ.

அந்தத் தரை என்னைப் பிடித்து ஆட்டுகிறது. கிளினிக்கில் மருந்து வந்த அட்டைப்பெட்டிகளை நீளத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரமெல்லாம் மேசையில் அடுக்குகிறேன். ஐந்து பக்கம் அடைத்தால் ஆறாவது பக்கம் கோடு ஓடுகிறது. அதை அடைத்தால் இன்னொரு இடத்தில். டாக்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இருமல் மருந்து வாங்க வந்த பாட்டியிடம் புண்ணுக்குப் போடும் மருந்தை நீட்டிவிட்டேன். நல்ல வேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். உன் மச்சான், "வீட்டுக்கு டைல்ஸ் மாத்தப் போறியா? முன்னாடியே சொல்லிடு லா" என்கிறார். அவருக்கு விளக்கப்போய் அதிலும் எரிச்சல்தான் மிச்சம்.

ஆறுக்கு ஆறில் முடியாது என்பது கைக்குத் தெரிகிறது. ஏன் முடியாது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. ஆறுக்கு எட்டும் இன்னும் அடங்கவில்லை. தயவுசெய்து குறிப்பு எதுவும் கொடுக்காதே. கொடுத்தால் உன்னோடு பேச மாட்டேன். வேறு யாரும் விடை எழுதிவிட்டார்களா என்று மட்டும் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? அம்மா இப்போதே மாவு இடிக்கக் கொடுத்துவிட்டார்.

உன் அக்கா,
கேத்லீன்

*

பாயான் லெப்பாஸ்
14.12.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

இன்னும் யாரும் விடை எழுதவில்லை. இரண்டு பேர் முயன்று தோற்றார்கள். நீ நிதானமாகச் செய்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. வேலை நெருக்குகிறது. தொழிற்சாலைகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் வருவதைப் படித்துவிட்டு அம்மா பயப்பட வேண்டாம். எங்கள் சோதனைப் பிரிவைத் தொட மாட்டார்கள். பலகாரத்தை எனக்கென்று எடுத்து வைக்காதீர்கள், கெட்டுப்போகும்.

தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
18.1.1998

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு டின் இன்னும் திறக்கப்படவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம்.

டாரியஸ், விடை வந்துவிட்டது.

பூசையில் உட்கார்ந்திருந்தேன். பாதர் பிரசங்கத்தில் இருந்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்காதே. தரையைக் குறுக்கே வெட்டும் ஏதாவது ஒரு கோட்டை எடுத்துக்கொள். அதற்கு ஒரு பக்கத்தில் இருக்கும் கட்டங்கள் எப்போதும் இரட்டைப்படைதான், ஏனென்றால் ஆறு ஆறாக இருக்கின்றன. அந்தப் பக்கத்திலேயே முழுதாகக் கிடக்கும் டைல் இரண்டு கட்டத்தை எடுத்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டிக் கிடக்கும் டைல் ஒன்றைத்தான் எடுக்கும். ஆகவே தாண்டும் டைல்களும் இரட்டைப்படையாகத்தான் வர வேண்டும். ஒரு கோட்டை ஒரே ஒரு டைலை வைத்து அடைக்கவே முடியாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஆறுக்கு ஆறில் உள்ளே பத்துக் கோடுகள். ஒரு டைல் ஒரு கோட்டைத்தான் தாண்டும். அப்படியானால் இருபது டைல் வேண்டும். தரையில் இருப்பதோ பதினெட்டு. முடிந்தது.

ஆறுக்கு எட்டில் பன்னிரண்டு கோடு, இருபத்து நான்கு டைல். கையில் இருப்பதும் சரியாக இருபத்து நான்கு. ஒன்று கூட வீணாகக் கூடாது. அதனால்தான் அது என்னை அவ்வளவு பாடு படுத்தியது. படம் தனித்தாளில் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டையும் சரியாக இரண்டு டைல் தாண்டுவதை நீயே பார்த்துக்கொள்.

என் பெயரில் போடு. கேத்லீன் கொர்னேலியஸ், மஸ்ஜித் தானா, மலாக்கா. ஊர்ப் பெயரை விட்டுவிடாதே. எஸ்டிபிஎம் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்தபோது, வீட்டில் ஒரு சம்பளம் வேண்டும் என்று என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நீ பாலிடெக்னிக் போனாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் என் பெயரும் ஏதாவது ஒரு இடத்தில் கணக்கோடு இருக்க வேண்டும் என்று ஆசை உண்டு. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

உடனே எழுது.

உன் அக்கா,
கேத்லீன்

*

பட்டர்வொர்த்
22.2.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்.

உன் கடிதம் வந்தது. விடை மிக நன்றாக இருக்கிறது. போட்டுவிடுகிறேன். மேலே உள்ளது என் புது முகவரி. ஒரு நண்பரோடு தங்கியிருக்கிறேன், வசதியாக இருக்கிறது. தொழிற்சாலைக்குப் போன் செய்ய வேண்டாம், எண்களை மாற்றுகிறார்கள், இணைப்பு கிடைக்காது.

தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
15.3.1998

தம்பி டாரியஸுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன்.

ஒரு மாதம் காக்க வைத்து ஒரு உள்ளங்கை அளவுக் கடிதம் எழுதியிருக்கிறாய். போட்டுவிடுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? போட்டாயா, இல்லையா? போட்டிருந்தால் என்ன சொன்னார்கள்? சொத்தைக் கணக்கைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும் என்கிறவர்களுக்கு என் விடையைப் படிக்க எத்தனை மாதம் வேண்டும்?

அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் ஒருவர், "என்னா கேத்லீன், வெளிநாட்டுல இருந்து பதில் வந்துச்சா?" என்று கேட்கிறார். நான் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன். தவறு இருந்தால் தவறு என்று சொல், தாங்கிக்கொள்வேன். இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கேத்லீன்

*

பட்டர்வொர்த்
19.4.1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நான் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அது நல்லதுதான்.

கோபப்படாதே அக்கா. பழைய ஆட்கள் உன் விடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில சமயம் அப்படித்தான், இழுக்கும். அதற்குள் உனக்கு வேறு ஒரு கணக்கு. பின்லாந்துக்காரர் ஒருவர் இந்த வாரம் போட்டது. நீள்சதுர அறை, தரையெல்லாம் சதுர டைல். சுவரை ஒட்டிச் சுற்றிவரும் ஒரு வரிசை கறுப்பு. உள்ளே இருப்பதெல்லாம் வெள்ளை. கறுப்பும் வெள்ளையும் எண்ணிக்கையில் சமம். அறை எத்தனைக்கு எத்தனை?

எனக்குப் பிடித்திருந்தது. உனக்கும் பிடிக்கும். எப்படிச் செய்தாய் என்று விரிவாக எழுது. உன் கடிதம் நீளமாக இருந்தால் நல்லது.

தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
3.5.1998

தம்பிக்கு,

நலம். நலமாக இரு.

கணக்கைச் செய்து முடித்துவிட்டேன். விடையை இப்போது சொல்வதாக இல்லை. குழுவில் எந்த விடையை ஒத்துக்கொண்டார்கள், யார் முதலில் எழுதினார்கள், அதற்கு மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. மறக்காமல் எழுது. என் விடை என்ன ஆனது என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

கேத்லீன்

*

பட்டர்வொர்த்
31.5.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு வாரம் காய்ச்சல், அதனால் தாமதம். இப்போது சரியாகிவிட்டது.

விடை ஆறுக்கு எட்டு. ஓரத்தில் இருபத்து நான்கு, உள்ளே இருபத்து நான்கு. ஒரு ஆஸ்திரேலியர் முதலில் எழுதினார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நல்ல கணக்கு என்று பின்லாந்துக்காரரைப் பாராட்டினார்கள். உனக்கும் அதுதானே வந்தது? உன் விடைக்கு இன்னும் பதில் இல்லை. பொறு அக்கா.

தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
21.6.1998

டாரியஸுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இனிமேல் நீ எழுதுவதை வைத்து அதையும் நம்ப முடியுமா என்று தெரியவில்லை.

ஐந்துக்குப் பன்னிரண்டு. எண்ணிப் பார். ஓரத்தில் முப்பது, உள்ளே முப்பது. ஆறுக்கு எட்டும் சரி, இதுவும் சரி. இரண்டு விடை. உன் பின்லாந்துக்காரருடையது சொத்தைக் கணக்கு. பேராசிரியரையே மன்னிப்புக் கேட்க வைத்த கூட்டம், மே மாதம் முழுவதும் இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் பாராட்டியதா? இந்தக் கணக்கைக் குழு பார்க்கவே இல்லை. பின்லாந்துக்காரர் என்று ஒருவரும் இல்லை. போட்டது நீ.

உன் தொழிற்சாலைக்கு நான் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. டாக்டரிடம் லீவு கேட்டுக்கொண்டு மலாக்கா பஸ் ஏறினேன். தெங்கேராவில் சைபர் கஃபே திறந்திருக்கிறார்கள் என்று கிளினிக்குக்கு வரும் ஒருவர் சொல்லியிருந்தார். கோமளா என்கிற தமிழ்ப் பெண்தான் நடத்துகிறாள். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. அவள்தான் கை பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். என் நேரம் முடிந்த பிறகும், "பரவால்ல லா அக்கா, பாத்து முடிங்க" என்று விட்டுவிட்டாள்.

உங்கள் குழுவின் பழைய கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாக இணையத்தில் இருக்கின்றன, கோமளாதான் தேடி எடுத்தாள். உன் பெயர் கடைசியாக வருவது ஜனவரி தொடக்கத்தில். அதற்குப் பிறகு நீ அங்கே இல்லை. கறுப்பு டைல், வெள்ளை டைல் எங்கும் இல்லை. என் பெயரும் இல்லை.

புதியவர் கணக்கு ஏப்ரல் கடைசி வாரம் வரை திறந்தே கிடந்திருக்கிறது. பிறகு பிரேசிலில் இருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். கோட்டுக்கு இரண்டு டைல், பத்துக் கோட்டுக்கு இருபது, இருப்பது பதினெட்டு. நான் எழுதியது போலவே இருந்தது. அவள் பெயரை வரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அத்தனையையும் நான் உட்கார்ந்து படித்தேன். கோமளாவின் கடையிலேயே அழுதேன். அவள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஓடி வந்தாள்.

உனக்கு என்ன ஆயிற்று? மென்று விழுங்காமல் எழுது.

கேத்லீன்

*

பட்டர்வொர்த்
12.7.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். நான் உடம்பால் சுகம்.

ஜனவரியில் வேலை போய்விட்டது. சோதனைப் பிரிவை முழுவதும் மூடிவிட்டார்கள். காலையில் போனோம், மத்தியானம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். இமெயிலும் அதோடு போயிற்று. இங்கே தங்கையா என்ற நண்பர் ஏர்கான் மெஷின் பழுது பார்க்கிறார். அவருக்கு உதவியாளாக வேலை செய்துகொண்டு அவரோடு தங்கியிருக்கிறேன். அம்மா கோயிலில் என்னைப் பற்றிப் பேசுவதை நினைத்தபோது எழுதக் கை வரவில்லை. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டே நாள் ஓடியது.

கறுப்பு வெள்ளைக் கணக்கு நான் போட்டதுதான். குழு இல்லை என்று சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். இந்த முகவரிக்கு வருவது உன் கடிதம் ஒன்றுதான். ஐந்துக்குப் பன்னிரண்டு எனக்குத் தோன்றவே இல்லை.

உன் விடையைப் பொறுத்தவரை, வேலை போன குழப்பத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். கடிதம் வீடு மாறியபோது எந்தப் பெட்டியிலோ போய்விட்டது. மன்னித்துவிடு. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

தம்பி,
டாரியஸ்

*

மஸ்ஜித் தானா
2.8.1998

அன்புத் தம்பி டாரியஸுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன்னைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை. கொஞ்சம் அழுதார். பிறகு, "வேலை போனா போவுது. புள்ள அங்க என்னா சாப்புடுறான்? காய்ச்சல்ல யாரு பாத்தா?" என்றார். கோயிலில் கேட்டவர்களிடம் அவரே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பாதி வீட்டில் இதே கதைதான். இங்கே மலாக்கா பக்கம் குருபோங்கில் ஏர்கான் வேலை தெரிந்த ஆள் தேவைப்படுகிறதாம், மச்சான் விசாரித்திருக்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வேலை போனதை மறைத்தது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். பொய்க்கணக்கு அனுப்பியதும் புரிகிறது. ஆனால் மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஓரமும் உள்ளும் சமமாக வரும் அறையைத் தேடினால் எத்தனையோ அளவைப் போட்டுப் பார்ப்பார்கள். நீ அப்படித் தேடவில்லை. தேடியிருந்தால் ஐந்துக்குப் பன்னிரண்டு உன் கையில் சிக்கியிருக்கும். நீ ஒரே ஒரு தரையைப் பார்த்தாய். ஆறுக்கு எட்டு. அது நான் வரைந்து அனுப்பிய படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் எத்தனை, உள்ளே எத்தனை என்று எண்ணியிருக்கிறாய். இரண்டும் சமமாக வந்தது, கணக்கு கிடைத்துவிட்டது. ஏப்ரல் நடுவில் என் தாள் எந்தப் பெட்டியிலும் இல்லை டாரியஸ், உன் முன்னால் விரிந்து கிடந்தது. புதியவர் கணக்கும் அன்றைக்குத் திறந்துதான் கிடந்தது. பட்டர்வொர்த்தில் சைபர் கஃபே இல்லை என்று சொல்லாதே.

உன் இடம் போன நேரத்தில் எனக்கு இடம் கிடைப்பதைப் பார்க்க உனக்கு மனம் வரவில்லை. பாலிடெக்னிக் நாளிலிருந்து நீ முன்னால், நான் பின்னால் என்றே பழகிவிட்டோம். அப்படியே எழுதியிருந்தால் நான் ஒருநாள் கத்திவிட்டு விட்டிருப்பேன். நீ மறந்துவிட்டேன் என்று எழுதினாய். என் கணக்கு மறந்து போகக்கூடியதாக இருந்தது என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாய். அதுதான் வலிக்கிறது.

கோமளாவின் கடையில் எனக்கு ஒரு இமெயில் திறந்தாயிற்று. குழுவில் புதியவர் கணக்கு இப்போது வேறு. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லாதே.

முறுக்கு டின்னைத் திறந்து பார்த்தோம், பூசணம் பிடித்திருந்தது. அம்மா புதிதாகச் சுட்டுப் பார்சல் கட்டியிருக்கிறார், இதோடு வரும். நல்ல மழை பெய்தால் வீடு ஒழுகுகிறதா, தங்கையா நல்லவரா, இரவில் தூக்கம் வருகிறதா, காய்ச்சல் மறுபடி வந்ததா, என்மேல் உனக்கு என்ன கோபம், எல்லாவற்றையும் எழுது. பத்து மாதம் நீ எனக்குக் கணக்கை மட்டும் எழுதினாய். இனி கணக்கைத் தவிர மற்றதெல்லாம் எழுது.

உன் அக்கா,
கேத்லீன்